டாக்டரம்மா நினைவாக: நூறு கன்று, மூன்று பீரோ, பதினான்கு நோட்டு

மேலூர்ச் சாலைப் பக்கத்து ஊர்களில் முப்பது ஆண்டுகள் உளவியல் ஆலோசகராக இருந்த, ஊரார் 'டாக்டரம்மா' என்றும் 'அம்மா' என்றும் அழைத்த ஒருவர் அண்மையில் காலமானார். பகலில் ஆலோசனை, வியாழன் மாலை புங்கமரத்தடியில் பெண்களோடு பேச்சு, ஞாயிறு விடிகாலையில் பைனாகுலரோடு கண்மாய்க்கரை என்று வாழ்ந்தவர். அவரை எப்படி நினைவுகூர்வது என்று கேட்டு ஆறேழு கடிதங்கள் வந்திருக்கின்றன. குடும்பத்தார் விருப்பப்படி அவர் பெயரையும், கேட்டவர்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம். மனநலம், மர வளர்ப்பு, பறவைக் கணக்கெடுப்பு ஆகிய துறைகளில் பழக்கமுள்ளவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: வரும் ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளன்று அம்மாவின் நினைவாக எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் 100 மரக்கன்றுகள் நடுவதாக முடிவு செய்திருக்கிறோம். என்ன மரம் நடலாம்? எப்படி நட வேண்டும்?
– வார்டு உறுப்பினர், மேலூர் வட்டம்

முதலில் தேதியை மாற்றுங்கள். அடுத்து எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஜூன் மாதம் கேரளத்துக்குச் சரி. தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும்போது, நமக்கும் அதற்கும் நடுவே மலை நிற்கிறது. நம் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். வைகாசியில் நட்ட கன்று வேர் பிடிப்பதற்குள் ஆடிக் காற்று வந்து அதை ஆட்டும். ஆட்டுகிற ஆட்டத்தில், புதிதாக விட்ட மயிர் போன்ற வேர்கள் அறுந்துவிடும். இலை பச்சையாக இருப்பதால் கன்று உயிரோடு இருப்பதாகவே தோன்றும். ஆவணியில் இழுத்துப் பார்த்தால் குச்சி கையோடு வரும். மதுரை வட்டாரத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ. அதில் பாதிக்கு அருகில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. ஆகவே புரட்டாசிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி நடுவுக்குள் நட்டு முடியுங்கள். ஜூன் 5 அன்று கூட்டம் போடத்தான் வேண்டும் என்றால், அன்று இடத்தை அளந்து கல் ஊன்றுங்கள். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

எண்ணிக்கையைத் தண்ணீர்க் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும். முதல் கோடையில் மாசி முதல் ஆடி வரை வாரம் இருமுறை, கன்றுக்கு 15 லிட்டர் தேவை. 100 கன்று என்றால் ஒரு நடைக்கு 1,500 லிட்டர். டேங்கர் வாடகைக்கு எடுத்தால்தான் முடியும். சித்திரையில் அந்த டேங்கர் ஊருக்கே குடிதண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும். 25 கன்று என்றால் 375 லிட்டர். 200 லிட்டர் டிரம் இரண்டைக் குட்டி யானையில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை, மூன்றாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். எந்தக் கிழமை யார் ஊற்றுவது என்று மூன்று கோடைக்கும் எழுதி வைக்காமல் முதல் குழியைத் தோண்டாதீர்கள்.

அனுமதி: ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கும். உங்களுடையது எது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, சர்வே எண்ணும் கையால் போட்ட வரைபடமும் சேர்த்து மனு கொடுங்கள். வாயால் வாங்கிய அனுமதி அடுத்த முறை கரையைப் பலப்படுத்த ஜே.சி.பி. வரும்போது செல்லாது.

இடம்: பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கும், மிகை நீர் வழியும் கலுங்குக்கும் 30 அடிக்குள் எந்த மரமும் வேண்டாம். வேர் கட்டுமானத்தை நெம்பும். அதைவிட மோசம், பின்னாளில் மரம் பட்டுப்போனால் மண்ணுக்குள் இருக்கும் வேர் மக்கி, அந்த ஓட்டை வழியே தண்ணீர் கசியத் தொடங்கும். கரை உடைவதற்கு அது ஒன்றே போதும். கரையின் மேற்பகுதியில் வண்டித் தடத்தை விட்டு ஓரமாகப் பனை வைக்கலாம். அதற்குக் கன்று தேடி அலைய வேண்டாம், விதையே போதும். புரட்டாசியில் விழுந்த பழத்தின் கொட்டையை முக்கால் அடி ஆழத்தில், பத்தடி இடைவெளியில் புதையுங்கள். பனை முளை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். ஓலை தலைகாட்ட மாதங்கள் ஆகும். முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தே கெடுப்பவர்கள் உண்டு.

மற்ற மரங்களை வெளிச்சரிவின் அடிவாரத்துக்கும் அப்பால், சமதளத்தில் வையுங்கள். ஈரம் நிற்கும் பகுதிக்கு நீர்மருது, நாவல், புங்கன். மேடான, வறண்ட பகுதிக்கு இலுப்பை, வேம்பு, வாகை, உசிலை. உசிலம்பட்டியின் பெயரிலேயே இருக்கிற இந்த உசிலையை நடுவோர் இப்போது குறைவு. அதன் இலைதான் அரப்புப் பொடி. சரளை மண்ணிலும் வரும். பறவைகளை நினைத்து நடுவதானால் அத்தியும் மஞ்சணத்தியும் இரண்டிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலும் அரசும் 50 அடி வெற்றிடம் இருந்தால் மட்டும். கண்மாய்க்குள்ளே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களைச் 'சுத்தம்' செய்துவிடாதீர்கள். தண்ணீர் சூழ்ந்த அந்த முள்மரங்களில்தான் நாரையும் கொக்கும் கூடு கட்டும். வெட்ட வேண்டியது சீமைக்கருவேலம், அதையும் கூடு இல்லாத மாதத்தில்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. ஆவணியிலேயே எடுத்து வெயில் காய விடுங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள். அந்த மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ, கிடைத்தால் ஒரு சட்டி கண்மாய் வண்டல் கலந்தால் போதும். மக்காத சாணம் போட்டால் கரையான் வரும், சூட்டில் வேரும் வெந்துவிடும். நடும் முன் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது கரிசல் அல்லது களி. அங்கே குழியை நிரப்பித் தரையைவிட அரையடி மேடாக்கி நீர்மருது வையுங்கள். சட்டென்று உறிஞ்சினால் செம்மண் சரளை. அங்கே கன்றைச் சுற்றி இரண்டடி அகலப் பாத்தி கட்டுங்கள்.

நர்சரியில் கன்று எடுக்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பையின் அடியைப் பாருங்கள். வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கியிருந்தால் அது பழைய கன்று. தூக்கும்போது ஆணிவேர் அறுந்துவிடும். பையைக் கிழித்ததும் வேர் உருண்டையைச் சுற்றிக் கயிறு போல வளைந்து கிடந்தால், பிளேடால் மூன்று பக்கம் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். கீறாமல் வைத்தால் அந்த வேர் வளைந்தபடியே தடித்து, ஏழெட்டு ஆண்டு கழித்து ஒரு காற்றில் மரத்தைச் சாய்க்கும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்கட்டும், புதைக்க வேண்டாம். காற்று வரும் மேற்குப் பக்கமாகக் குச்சி ஊன்றி, தேங்காய் நார்க் கயிற்றால் எட்டுப் போல் தளர்வாகக் கட்டுங்கள். மூடாக்குப் போடும் சருகு தண்டிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்க வேண்டும்.

ஆடு முன்னங்காலைத் தூக்கி நின்றால் உயரத்து இலையும் எட்டும். அதனால் முள்வேலி ஐந்தடி. வேலி போடுவதைவிட, ஆடு மேய்க்கிறவரிடமே ஐந்து கன்றை ஒப்படைப்பது கூடுதல் பலன் தருகிறது என்பது இந்த வேலையில் பழகிய எல்லோரும் கண்டது.

பெயர்ப்பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்ட வேண்டாம், கம்பி கட்டவும் வேண்டாம். கம்பி மூன்றாம் ஆண்டில் பட்டைக்குள் புதைந்து மரத்தின் கழுத்தை நெரிக்கும். தரையில் ஓரடிக் கல் ஒன்று போதும். ஃபிளெக்ஸ் பற்றி மதுரைக்காரர்களிடம் சொல்லி ஜெயிக்க முடியாது. வைத்தால் பதினாறாம் நாள் கழித்து நீங்களே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவின் அறையில் மூன்று பீரோ நிறைய ஆலோசனைக் கோப்புகள். கார்டுகளும் கட்டைகளும் அடங்கிய சோதனைப் பெட்டிகள் வேறு. அவர் செல்போனுக்கு இன்னும் அழைப்பு வருகிறது. என்ன செய்வது?
– மகள், கே.கே. நகர், மதுரை

பீரோவைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். கோப்பைத் திறந்து படிக்க வேண்டாம், அம்மாவின் கையெழுத்தைப் பார்க்கும் ஆசையில்கூட. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. ஆலோசகர் மறைந்தார் என்பதால் அந்த இரகசியம் அவிழ்ந்துவிடாது. உங்கள் ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள்கூட அந்தக் கோப்புகளில் இருக்கக்கூடும். ஒருமுறை படித்துவிட்டால் பிறகு அவர்களைக் கல்யாண வீட்டில் பார்க்கும்போது உங்களால் பழைய முகத்தோடு பேச முடியாது.

செய்ய வேண்டிய முறை இது. அம்மாவுக்குத் தெரிந்த, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரை எழுத்து மூலம் பொறுப்பேற்கச் சொல்லுங்கள். அவர் வந்து, நீங்கள் உடனிருக்க, அட்டையில் உள்ள பெயர், கடைசியாக வந்த தேதி இரண்டை மட்டும் பட்டியலிடட்டும். கடந்த ஆறு மாதத்தில் வந்தவர்களை அப்பாயின்ட்மென்ட் டைரியை வைத்துத் தனியாகப் பிரித்து, அவர்களுக்குத் தகவல் சொல்வது முதல் வேலை. அழைப்பை வேறு யாராவது எடுத்தால் 'ஆலோசனை' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. 'உங்களுக்குத் தெரிந்த ஒருவர் பற்றிய செய்தி, அவரையே கூப்பிடச் சொல்லுங்கள்' என்று வைத்துவிடுங்கள். பல வீடுகளில் மருமகள் ஆலோசனைக்குப் போனது மாமியாருக்குத் தெரியாது.

தன் கோப்பைக் கேட்டு வருபவருக்கு அதைப் பெறும் உரிமை உண்டு, அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு. எழுத்து மூலம் கேட்கட்டும், அடையாள அட்டையைப் பாருங்கள், பொறுப்பேற்றவர் வழியாகக் கொடுங்கள். கணவர் வந்து மனைவியின் கோப்பைக் கேட்டாலும், போலீஸ் வேலையில் இருக்கும் உறவினர் வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம். நீதிமன்ற உத்தரவு வந்தால் அது வேறு, வக்கீலைக் கேளுங்கள். அம்மா ஏதாவது மருத்துவமனையில் பகுதிநேரமாகப் பார்த்திருந்தால் அங்கே உருவான கோப்பு அந்த நிறுவனத்தின் பொறுப்பு, திருப்பி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

மிகப் பழைய கோப்புகளை அழிப்பதென்று பொறுப்பேற்றவர் முடிவு செய்தால், பழைய பேப்பர் கடைக்கு மட்டும் போடாதீர்கள். அந்தக் காகிதம் நேராகக் கடலைப் பொட்டலம் ஆகிறது. குறுக்கு வெட்டாகத் துண்டாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடுங்கள். கட்டாக எரித்தால் நடுப்பக்கங்கள் கருகாமல் அப்படியே மிஞ்சும்.

சோதனைப் பெட்டிகளைப் பள்ளிக்கோ பொது நூலகத்துக்கோ தானம் செய்யாதீர்கள். மைத்தடக் கார்டுகள், படக் கார்டுகள், நுண்ணறிவுச் சோதனைக் கட்டைகள் எல்லாம் முன்பு பார்த்திராதவர்களிடம்தான் வேலை செய்யும். ஒரு பிள்ளை விளையாட்டாகக் கட்டையை அடுக்கிப் பழகிவிட்டால், பிறகு அந்தப் பிள்ளைக்கு வைக்கும் சோதனையின் மதிப்பெண் பொய்யாகிவிடும். மருத்துவ உளவியல் பயிற்சி நடக்கும் கல்வி நிறுவனத் துறைக்குக் கொடுங்கள்.

செல்போன் எண்ணை ஓராண்டாவது ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். கைவிட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நள்ளிரவில் அழுதுகொண்டே அழைக்கும் ஒருவருக்கு முன்பின் தெரியாத ஆள் 'ராங் நம்பர்' சொல்லும் நிலை வர வேண்டாம். வாட்ஸ்அப்பில் தானாகப் போகும் பதிலாக இப்படி வையுங்கள்: 'இந்த எண்ணுக்குரியவர் காலமாகிவிட்டார். இங்கே வரும் செய்திகளை யாரும் படிப்பதில்லை. அவசர உதவிக்கு 14416.' படிப்பதில்லை என்று எழுதிவிட்டால் நிஜமாகவே படிக்காதீர்கள்.

கேள்வி: நான் அவரிடம் இரண்டு ஆண்டு ஆலோசனை பெற்றவள். வீட்டில் யாருக்கும் தெரியாது. அஞ்சலிக் கூட்டத்துக்குப் போகலாமா? யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை.
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

போகலாம். 'எப்படிப் பழக்கம்?' என்று கேட்பார்கள். 'தெரிஞ்சவங்க' என்ற ஒரு வார்த்தை போதும், நம் ஊரில் அதற்கு மேல் கேட்பதில்லை. மாலை போட வேண்டும், பேச வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: 'அம்மாவால் பயனடைந்தவர்கள் வந்து பேசலாம்' என்று மைக்கில் அழைக்காதீர்கள். பறவை பார்க்கப் போனவர்கள், சங்கத்தார், உடன் வேலை பார்த்தவர்கள் பேசட்டும்.

உறவாக இருந்தால் கேதம் கேட்க நாலு பேர் வருவார்கள், பதினாறு நாள் தீட்டு என்று உட்கார ஒரு இடமாவது உண்டு. ஆலோசகரைப் பறிகொடுத்தவருக்கு அது கிடையாது. அதனால் இந்தத் துக்கம் பாரமாக உள்ளேயே தங்கும். ஒன்று செய்யுங்கள். அவர் உங்களுக்குச் சொல்லித் தந்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுக்கச் சொன்னார், பதற்றம் வரும்போது மூச்சை எப்படி விடச் சொன்னார், எந்த யோசனை வந்தால் என்ன செய்யச் சொன்னார். ஒரு வாரத்தில் முக்கால் பங்கு ஞாபகம் வந்துவிடும். அடுத்த ஆலோசகரிடம் முதல் நாள் அந்தத் தாளையும் மருந்துச் சீட்டையும் கொண்டுபோனால், கதையை ஆதியிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. புதியவரிடம் மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

மனநல மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரும், அதை நோய் திரும்பியதாக எண்ணிப் பயப்படுவீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

கேள்வி: அம்மாவின் 14 பறவை நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. 1996 முதல் எழுதியது. பெயரெல்லாம் தமிழில். ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: '14.1.2017. காலை 6.40. கலுங்குப் பக்கம். அரிவாள் மூக்கன் 40க்கு மேல். நாமக்கோழி 12. பனிமூட்டம்.' இதைப் புத்தகமாகப் போடலாமா?
– ஒத்தக்கடை வாசகர்

புத்தகம் பிறகு. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஜன்னலோரம், பிளாஷ் இல்லாமல், செல்போனை நோட்டுக்கு நேர் மேலே பிடித்து. கோப்பின் பெயர் நோட்டு எண்ணும் பக்க எண்ணுமாக இருக்கட்டும். நோட்டைச் செய்தித்தாள் போன்ற அமிலக் காகிதத்தில் சுற்றாதீர்கள். பழைய வெள்ளைப் பருத்தி வேட்டித் துணி போதும்.

நீங்கள் எடுத்துக்காட்டிய ஒரு பக்கத்திலேயே வேலையின் சிக்கல் முழுக்க இருக்கிறது. நாமக்கோழியில் குழப்பமில்லை: கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். அரிவாள் மூக்கனில்தான் தகராறு. வெள்ளை உடம்பும் கறுப்புத் தலையும் உள்ளது ஒன்று, கறுப்பு உடம்பும் உச்சியில் சிவப்பும் உள்ளது ஒன்று, கண்மாயில் கூட்டமாக இறங்கும் பளபளப்பான பழுப்பு வகை ஒன்று. மூன்றையும் ஊரில் அரிவாள் மூக்கன் என்றே சொல்வார்கள். 'நாரை'யும் 'வல்லூறு'ம் இதே கதை. எனவே இணையத்தில் பதிவேற்றத் தொடங்கும் முன் அம்மாவுடன் போனவர்கள் இரண்டு பேராவது உட்கார்ந்து ஒரு பெயர் அட்டவணை போடுங்கள்: நோட்டில் உள்ள பெயர், அது எந்தப் பறவை, எப்படித் தெரியும். வேறு பக்கத்தில் 'வெள்ளை' 'கறுப்பு' என்று குறித்திருக்கிறாரா என்று தேடுங்கள். தீராவிட்டால் பொதுவாக 'அரிவாள் மூக்கன் வகை' என்று விடுங்கள். ஊகித்து நிரப்பினால் சரியான பதிவுகளின் மதிப்பும் சேர்ந்து கெடும்.

பறவை பார்ப்பவர்களின் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு இணையதளம் பழைய பட்டியல்களையும் ஏற்கும். உங்கள் கணக்கில் போட்டால் நீங்கள் பார்த்ததாகிவிடும், அவருக்கென்று தனிக் கணக்குத் தொடங்குங்கள். தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் மூன்றும் நோட்டில் இருந்தால் முழுப் பட்டியலாக ஏற்றலாம். இல்லையென்றால் 'ஹிஸ்டாரிக்கல்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். '40க்கு மேல்' என்பதை 40 என்று போட்டுக் குறிப்பில் 'இதற்கு மேல்' என எழுதுங்கள். பார்த்த எல்லாப் பறவையையும் எழுதினாரா, சிலதை மட்டுமா என்ற கேள்விக்கு, காகமும் மைனாவும் நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'முழுமையல்ல' என்றே குறிக்க வேண்டும். காகம் இல்லாத காலைப்பொழுது மேலூரில் கிடையாது. கூடு இருந்த மரத்தின் துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் விடாதீர்கள்.

20 ஆண்டுக் குறிப்பு ஒரே கண்மாய்க்கு இருப்பது அபூர்வம். தண்ணீர் வந்த தேதியும் வற்றிய தேதியும் எழுதியிருந்தால் அது பறவைப் பட்டியலைவிடப் பெரிய சொத்து. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு, அங்கே ஏறத்தாழ 250 பறவை வகைகள் இருப்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. யாரோ எழுதி வைத்த பட்டியல்கள்தான் அப்படிப்பட்ட நாளில் சாட்சியாக வந்து நிற்கின்றன.

ஆண்டு நினைவுக்குத் தனியாக விழா யோசிக்க வேண்டாம். நீங்கள் காட்டிய பக்கத்தின் தேதியைப் பாருங்கள், ஜனவரி 14. தமிழகம் முழுக்க 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல். அதே கலுங்கில் அதே 6.40-க்கு நில்லுங்கள்.

கேள்வி: வியாழக்கிழமை மரத்தடிக் கூட்டத்தை அம்மா இல்லாமல் நாங்களே நடத்தலாமா?
– மகளிர் குழுவினர், அலங்காநல்லூர் ஒன்றியம்

நடத்தலாம். ஆனால் நீங்கள் செய்யப்போவது காது கொடுப்பது, சிகிச்சை அல்ல. அந்த எல்லையைத் தாண்டினால்தான் வம்பு.

எட்டிலிருந்து பத்துப் பேர். மாலை 5 முதல் 6.15 வரை, அதற்கு மேல் இழுத்தால் வீட்டில் அடுப்பு காத்திருக்கும், அடுத்த வாரம் ஆள் வராது. நடத்த இருவர்: ஒருவர் பேச்சைக் கவனிக்க, மற்றவர் பேசாமல் இருப்பவரின் முகத்தைக் கவனிக்க. தொடக்கத்தில் விதியை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள்: இங்கே கேட்டது இங்கேயே. ஒருவர் பேசும்போது குறுக்கே 'நான் உன் இடத்துல இருந்தா' என்ற சொல் வரக் கூடாது. தீர்வு சொல்லாமல் கேட்பது நம்மவர்களுக்குக் கடினம், முதல் மாதம் திணறுவீர்கள். ஆளுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் லேசான பேச்சு, டீ. அழுத கண்ணோடு யாரையும் நேராக வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

வருகைப் பதிவேடு வேண்டாம், போட்டோ வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வேண்டாம். முக்கியமாக, குழுவின் கடன் தவணை வசூலை வியாழக்கிழமை வைக்காதீர்கள். தவணை கட்ட முடியாதவள்தான் அன்றைக்குப் பேச வேண்டியவள், அவள்தான் வராமல் போவாள்.

யாராவது 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்றால் பேச்சை மாற்றாதீர்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று தனியாக, நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது தவறான பயம். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, 14416 அல்லது 104 (அரசு மருத்துவ உதவி எண்). ஏற்கனவே ஏதாவது குடித்திருந்தால் 108. வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல், சாணிக் கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். பிள்ளை பெற்ற சில நாளில் ஒரு பெண் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால் 'காத்து கருப்பு' என்று விடாமல் அன்றே அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவு. குடும்ப அடிதடிக்கு 181. குழந்தைக்குப் பாலியல் துன்பம் என்று தெரியவந்தால் இரகசிய விதி பொருந்தாது, போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், 1098.

நோயாளியைக் கட்டி வைத்திருக்கும் வீடு உங்களுக்குத் தெரிந்தால் அதையும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று சங்கிலியிடுவதை 2017 சட்டத்தின் 95-ஆவது பிரிவு தடை செய்கிறது. வீட்டாரை மிரட்டப் போகாதீர்கள், பெரும்பாலும் அவர்கள் செய்வதறியாமல் கட்டியவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி மாவட்ட மனநலத் திட்டக் குழுவை வரவழையுங்கள்.

கேள்வி: நினைவு மலரில் 'மனநல மருத்துவர் டாக்டர்' என்று போடலாமா? ஊரே டாக்டரம்மா என்றுதான் சொன்னது.
– ஆசிரியர், மேலூர்

ஊர் சொன்னதை ஊர் சொன்னதாக எழுதுங்கள், பட்டமாகப் போடாதீர்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சு, சோதனை, பயிற்சி வழியே உதவுபவர், மருந்து எழுத மாட்டார். முனைவர் பட்டம் இருந்தால் 'முனைவர்'. மலரில் 'ஆயிரக்கணக்கானோரைக் குணப்படுத்தினார்' வகை வரிகளையும் தவிருங்கள். எந்த ஊரில், எந்தக் கிழமை, எந்த மரத்தடியில் உட்கார்ந்தார் என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடுவார். ஆலோசனை பெற்றவரின் கதையை, பெயரை மாற்றியும் போட வேண்டாம். மூன்று தெரு உள்ள ஊரில் பெயரை மாற்றி என்ன பயன்?

கேள்வி: முதலாண்டு நினைவு நாளில் கூண்டுக் கிளிகள் வாங்கிப் பறக்கவிடலாமா?
– புதூர் வாசகி

வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. விற்பதும் வாங்குவதும் குற்றம். நீங்கள் பத்து வாங்கினால் விற்றவர் அடுத்த வாரத்துக்கு இருபது பிடிப்பார். இறக்கை வெட்டப்பட்ட கிளி சாயங்காலத்துக்குள் பூனை வாயில்.

மாடியில் தண்ணீர் வையுங்கள். அகலமான மண் தட்டு, ஆழம் இரண்டு அங்குலம், நடுவில் தேன்சிட்டும் வண்டும் நின்று குடிக்க ஒரு கூழாங்கல். நிழலில், பூனை பதுங்க இடமில்லாத திறந்த மூலையில். தினமும் காலையில் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்து மாற்றுங்கள். நாலு நாள் விட்டால் கொசுப் புழு வந்துவிடும். பிளாஸ்டிக் டப்பா சித்திரை வெயிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும், மண் தட்டே நல்லது. முதல் வாரம் எதுவும் வராது. இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்.